இருநூற்றுப் பதினான்கு ஆட்சேபங்கள்

"இதெல்லாம் சேர்த்து ஒண்ணுதாம்மா" என்றார் எழுத்தர்.

நகராட்சி அலுவலகத்தில் தபால் வாங்கும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் டைப் அக்கா. நடுவே ஜன்னல் பலகையின் மேல், பிள்ளையைத் தூக்கிவருவதுபோல் இரண்டு கையாலும் அணைத்து அவள் கொண்டுவந்த காகிதக் கட்டு. இருநூற்றுப் பதினான்கு ஆட்சேப மனுக்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கையெழுத்து, ஒரு வீட்டு எண், ஒரு தேதி.

"எது ஒண்ணு?"

"எல்லாமே. வாசகம் ஒண்ணு, காகிதம் ஒண்ணு, எழுத்து ஒண்ணு. பேரும் கையெழுத்தும்தான் வேற. ஒரே வாசகத்துல ஆயிரம் பேர் கொடுத்தாலும் ஒரே ஆட்சேபம்னுதான் விதி. பதிவேட்டுல ஒரு நம்பர் போடறேன், வாங்கிக்கிட்டுப் போங்க."

"இருநூத்திப் பதினாலு குடும்பம் சார்!"

"இருக்கட்டும்மா. ஒரே பாட்டை இருநூறு பேர் பாடினா இருநூறு பாட்டாயிடுமா?"

உள்ளே பக்கத்து நாற்காலியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டைப் அக்காவுக்குக் காதுமடல்வரை சூடேறியது. முப்பது வருடமாக இதே ஜன்னலுக்கு மனு கொண்டுவருகிறவள் அவள். அவள் அடித்த காகிதத்தில் ஒரு ஒற்றுப்பிழையை எவரும் காட்டியதில்லை. மூன்று நாள் கடையில் வேறு வேலை எடுக்காமல், ஓரம் பிசகாமல், வரி பிசகாமல், அச்சுப் பதித்ததுபோல் இருநூற்றுப் பதினான்கு பிரதி எடுத்திருந்தாள். பிரதிக்குப் பிரதி மாறாமல் இருப்பதைத்தான் பெருமை என்று நினைத்தாள். அந்தப் பெருமையே கழுத்தில் சுருக்காக விழுந்தது.

"கடைசி நாள் எப்ப?"

"திங்கட்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி. இன்னைக்கு வியாழன். அவங்கவங்க காரணத்தை அவங்கவங்க வார்த்தையில எழுதிக்கிட்டு வரச்சொல்லுங்க. தனித்தனியா நம்பர் போட்டுத் தர்றேன்."

முத்திரை ஒரே ஒரு முறை 'டப்' என்று விழுந்தது. அவள் நெற்றியில் விழுந்த மாதிரி இருந்தது.

டைப் அக்கா பிறந்தது ரயில்பாதை ஓரத்தில். தகரக் கூரை, தகரச் சுவர். ரயில் போனால் பாத்திரங்கள் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அப்பா சரக்குக் கொட்டகையில் மூட்டை தூக்கினார். இரண்டு கம்புக்கு நடுவே கட்டிய பழம்புடவைதான் குளியலறை. ரயில் வரும் சத்தம் கேட்டால் அப்படியே குனிந்து உட்கார்ந்துவிட வேண்டும். ஜன்னலோரப் பயணிகளுக்கு மேலிருந்து எல்லாம் தெரியும். பதினெட்டுப் பெட்டிகள். கடைசிப் பெட்டி போகும்வரை, சோப்பு கண்ணில் எரிந்தாலும், நிமிரக் கூடாது. கல்யாணமாகிப் போகும்வரை அவள் அப்படித்தான் குளித்தாள். அவளுக்குப் பின்னால் தங்கை.

பதினேழாவது வயதில் தட்டச்சு வகுப்பில் சேர்ந்தாள். விரல்களுக்கு மேல் துணியைப் போர்த்தி அடிக்கச் சொன்னார்கள். புடவைக்குப் பின்னால் ஒளிந்தே வளர்ந்தவளுக்குத் துணிக்கு அடியில் விரல் ஓட்டுவது கஷ்டமாகவே இல்லை. முதலில் மனு எழுதுகிறவர் ஒருவரிடம் வேலை. பிறகு நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே, மருந்துக் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே, ஒற்றை ஷட்டர் போட்ட சொந்தக் கடை. கணினி, பிரிண்டர், ஜெராக்ஸ் மெஷின். புத்தகம் பைண்டிங் செய்கிறவரைக் கல்யாணம் செய்துகொண்டு, ஊரின் விளிம்பில் நாலாவது தெருவில் கடைசி வீட்டுக்குக் குடிவந்தாள்.

அவள் கடைக்கு அவ்வளவு பேர் வந்ததற்குக் காரணம் வேகம் மட்டுமில்லை. அவளுக்கு ஒரு கைவேலை தெரியும். வருகிறவர்கள் வாயில் நெருப்போடு வருவார்கள். "அந்தக் களவாணிப்பய என் வேலியைப் புடுங்கிப் போட்டுட்டான்க்கா!" என்பார்கள். அவள் விரல் அதை, "மேற்படி நபர் எல்லை வேலியை அப்புறப்படுத்தியுள்ளார்" என்று அடித்திருக்கும். "நாத்தம் குடலைப் புடுங்குது" என்றால் "சுகாதாரச் சீர்கேடு". "கண்ட கழிசடையும் வருது" என்றால் "பல்வேறு தரப்பினரின் நடமாட்டம்". அழுக்குத் துணியைக் கொடுத்துவிட்டுச் சலவைத் துணியை வாங்கிப் போவதுபோல் போவார்கள். யோசித்தெல்லாம் செய்யமாட்டாள். விரலே செய்துவிடும்.

அந்த நாலாவது தெருவைத் தாண்டினால் ஒரு பெரிய பள்ளம். நான்கு தெருவின் மழைத்தண்ணீரும் அங்கேதான் போய் இறங்கும். அந்தப் பள்ளத்தில் நகராட்சி ஒரு பலகையை நட்டது. ரயில்பாதை ஓரத்துக் குடும்பங்களுக்கு நூற்று அறுபது வீடுகள். ஆட்சேபம் உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.

மறுநாளே குடியிருப்போர் சங்கத் தலைவர் கடைக்கு வந்தார். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். அதுவரை "ஏம்மா" என்று கூப்பிட்டவர், அன்றைக்கு "மேடம்" என்றார். கூட்டத்தில் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "மேடம் எழுதினா கலெக்டரே எழுந்து நிப்பார்" என்றார். கைதட்டல் விழுந்தது. டைப் அக்கா எழுதினாள். பள்ளத்தை மூடினால் தண்ணீர் தெருவுக்குள் திரும்பும், ஆகவே திட்டத்தை அடியோடு கைவிட வேண்டும் என்று எழுதினாள். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பொய்யில்லை. இரண்டு வருடம் முன் பெய்த மழையில் அவள் வீட்டுக்குள்ளேயே முட்டியளவு நின்றது.

ஆனால் அந்த நூற்று அறுபது வீடுகளில் ஒன்று தன் தங்கைக்கு என்பதும் அவளுக்குத் தெரியும். "வேற இடத்துல கட்டிக்கொடுக்காமலா போயிடுவாங்க" என்று மனசுக்குள் ஒரு வரி அடித்துக்கொண்டாள். அதிலும் ஒற்றுப்பிழை இல்லை. தங்கையிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தங்கை வேலைசெய்தது எங்கே தெரியுமா? சங்கத் தலைவர் வீட்டில்தான். பதினோரு வருடமாக, இரண்டு பஸ் மாறி வந்து, சமையலும் சுத்தமும். டைப் அக்காவின் தங்கை அவள் என்பது நான்கு தெருவுக்கும் தெரியும். தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொள்வதுதான் அந்தத் தெருக்களின் மரியாதை.

வெள்ளிக்கிழமை மதியம் தங்கை கடைக்கு வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. இடுப்பிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்துக் கீபோர்டின் மேல் போட்டாள்.

"இது நீ அடிச்சதா?"

டைப் அக்கா மடிப்பைப் பிரித்தாள்.

"அவங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜையில கிடந்துச்சு. தொடைக்கும்போது பார்த்தேன். நான் அஞ்சாவதோட நின்னவதான். ஆனா 'பொருள்'னு போட்டு அதுக்குக் கீழே ரெண்டு கோடு இழுக்கறவ இந்த உலகத்துலயே நீ ஒருத்திதான். என் பொண்ணு ஸ்கூல் மனுவுக்கும் இப்படித்தான் இழுத்த."

"தண்ணிப் பிரச்சினைடி. மழை வந்தா..."

"மழை வந்தா உன் வீட்டுல முட்டி வரைக்கும் தண்ணி. எனக்குத் தெரியாதா? வந்து சேறு வழிச்சது யாரு? உன் சங்கமா? உன் தலைவரா?"

"வேற இடம் பார்த்து..."

"எந்த இடம்? கையைக் காட்டிச் சொல்லு, எந்த இடம்? இதுக்கு முன்னாடி ரெண்டு இடம் சொன்னாங்க. ரெண்டும் நின்னுபோச்சு. அங்கேயும் உன்னை மாதிரி ஒரு அக்கா கடை வெச்சிருந்திருப்பா. ரெண்டு கோடு போட்டு அடிச்சுக் கொடுத்திருப்பா."

டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரைக் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். தங்கை குரலைத் தாழ்த்தவில்லை.

"பதினஞ்சு வயசுக்கா என் பொண்ணுக்கு. இன்னைக்கும் ரயில் போறவரைக்கும் குனிஞ்சு உட்கார்ந்துதான் குளிக்கிறா. இப்ப பயணிங்க சும்மா பார்க்கறதோட விடறதில்ல. கையில போனு. நான் மாளிகையா கேட்டேன்? நாலு சுவரு. உள்பக்கமா தாழ்ப்பாள் போட்ட ஒரு குளியலறை. அந்தத் தாழ்ப்பாளுக்குத்தான் நீ ஆட்சேபம் எழுதியிருக்க. நீயும் அங்க குனிஞ்சு உட்கார்ந்தவதானே? எழுந்த உடனே மறந்துட்டியா?"

காகிதத்தை எடுக்காமலே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் டைப் அக்கா கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். "என்ன பேச்சு பேசிட்டா பார்த்தீங்களா? நடுக்கடையில!" என்று ஆரம்பித்து, மூச்சு வாங்க முடித்தாள். கணவர் பைண்டிங்காரர். தேவையான இடத்தில் மட்டும்தான் ஊசி குத்துவார்.

"வாய்க்கால் வெட்டிட்டு வீடு கட்டுங்கன்னு ஒரு வரி எழுதியிருந்தா போதும்" என்றார். "நீ வீடே வேணாம்னு எழுதிட்ட. மேடம்னு கூப்பிட்டாங்கன்னா?"

சொல்லிவிட்டுத் தன் தட்டைக் கழுவப் போனார்.

சனிக்கிழமை காலை ஷட்டரைத் தூக்குமுன்பே கடைவாசலில் வரிசை நின்றது. "ஒவ்வொருத்தரும் சொந்த வார்த்தையில" என்று தலைவர் வீடு வீடாகச் சொல்லியிருந்தார். அவரே டீக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு, கல்யாண வீட்டுப் பந்தியை மேற்பார்ப்பவர்போல் உட்கார்ந்துகொண்டார்.

முதல் ஆள் மளிகைக்காரர். குனிந்து, குரலை அடக்கி, "என்னன்னு சொல்றதுக்கா? நூத்தி அறுபது குடும்பம் வந்தா எனக்கு வியாபாரம் கூடும். உள்ளதைச் சொன்னா வரட்டும்னுதான் இருக்கு" என்றார்.

"அதையே அடிக்கட்டுமா அண்ணே?"

"அய்யய்யோ! தலைவர் பார்த்துக்கிட்டு இருக்கார். ஏதாவது போடுக்கா. சத்தம்னு போடு. அவங்க வந்தா சத்தம் வரும்."

"தெருவையே தூங்கவிடாம உறுமறது உங்க கடை ஃபிரிட்ஜ்தானே அண்ணே?"

வரிசையில் சிரிப்பு. மளிகைக்காரரும் அசடு வழியச் சிரித்தார். ஒலி மாசு என்று அடித்துக் கொடுத்தாள்.

அடுத்தது ஓய்வுபெற்ற டீச்சரம்மா. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அந்தப் பிள்ளைங்க நம்ம பிள்ளைங்களோட ஒரே பெஞ்சுல உட்காரும். வாயைத் திறந்தா கெட்ட வார்த்தை. தலை நிறையப் பேன். நம்ம பிள்ளைங்களும் ரெண்டு மாசத்துல அது மாதிரி ஆயிடும். எழுதும்மா."

விரல்கள் பழக்கத்தில் ஓடின. 'பள்ளியின் கல்விச் சூழலும் மாணவர் சுகாதாரமும் பாதிக்கப்படக்கூடும் எனப் பணிவுடன்...'

'பணிவுடன்' என்ற சொல்லில் விரல் நின்றது. திரையைப் பார்த்தாள். எவ்வளவு சுத்தமாக இருந்தது! எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைக்கப்பட்ட ஒரு சிறுமியின் தலையை அந்தச் சுத்தமான வரி தொட்டது. பேனுக்காக மொட்டை அடித்த தலை. அவளுடைய தலை.

பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். டீச்சரம்மா, "எவ்வளவு அழகா எழுதிட்டே!" என்று கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவதாகத் தலைவர் நாற்காலியை முன்னால் நகர்த்தினார்.

"எழுதும்மா. அந்தக் கும்பல் வந்துச்சுன்னா வீட்டைப் பூட்டிட்டு வெளியூர் போக முடியாது. கைக்கு எட்டினது ஒண்ணு மிஞ்சாது. பிறவியிலேயே அதுங்களுக்குத் திருட்டுக் கை. வீடு கட்டிக்கொடுத்தாலும் ஒரே வருஷத்துல குப்பைமேடாக்கிடும். அதுங்களுக்கு ரயிலோரம்தான் சரி. என்ன? இதை உன் பாணியில அழகா போட்டுடு."

டைப் அக்காவின் விரல்கள் மறுபடி ஓடின. ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாக அவை எதையும் துவைக்கவில்லை. அவர் சொன்ன வரிசையில், அவர் சொன்ன சொல்லில், ஒரு புள்ளி கூட்டாமல் குறைக்காமல் அடித்தாள். பிரிண்ட் எடுத்தாள். எழுந்து நின்று, மனுவைப் படித்துக்காட்டும் அதே குரலில், வரிசை முழுக்கக் கேட்கும்படி படித்தாள்.

"பிறவியிலேயே அதுங்களுக்குத் திருட்டுக் கை. அதுங்களுக்கு ரயிலோரம்தான் சரி. இப்படிக்கு." பேனாவை நீட்டினாள். "கையெழுத்துப் போடுங்க சார்."

"என்னம்மா இது? அப்படியேவா அடிப்பாங்க?"

"சொந்த வார்த்தையிலதான் வேணும்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. இது உங்க சொந்த வார்த்தை."

"அது பேச்சுக்குச் சொல்றது. எழுத்துல வரும்போது கொஞ்சம் நாசூக்கா..."

"பேசும்போது கூசாதது எழுதும்போது எதுக்கு சார் கூசுது?"

தலைவர் சுற்றும்முற்றும் பார்த்துச் சிரிக்க முயன்றார். "உனக்கு எதுக்கும்மா இவ்வளவு கோபம்? உன்னையா சொன்னேன்? நீ வேற, அவங்க வேற."

வெள்ளம் அந்த வார்த்தையில்தான் உடைத்துக்கொண்டது.

"நான் வேற இல்ல சார்! நான் அந்தத் தகரத்துக்குள்ள பொறந்தவ. இந்தக் கை அந்தக் கைதான். திருட்டுக் கைன்னு சொன்னீங்களே, பதினோரு வருஷமா உங்க வீட்டுச் சாவி எந்தக் கையில இருக்கு? நீங்க குடும்பத்தோட ஊருக்குப் போனா உங்க பீரோ இருக்கிற அறையை எந்தக் கை பெருக்குது? கைக்கு எட்டினது ஒண்ணு மிஞ்சாதுன்னா, பதினோரு வருஷத்துல உங்க வீட்டுச் சுவர் எப்படி சார் மிஞ்சுச்சு? கதவு எப்படி மிஞ்சுச்சு?"

"ஏய், மரியாதையா பேசு!"

"முப்பது வருஷமா மரியாதையாத்தான் எழுதினேன். அதுதான் நான் பண்ணின தப்பு. உங்க எல்லார் வாயில வந்ததையும் வாங்கித் துவைச்சு, இஸ்திரி போட்டு, மடிச்சுக் கொடுத்தேன். நீங்களும் அதைப் போட்டுக்கிட்டுப் பெரிய மனுஷங்களா நடந்தீங்க. இனிமே இந்தக் கடையில சலவை கிடையாது. சொன்னதைச் சொன்னபடி அடிப்பேன். படிச்சுக் காட்டுவேன். கையெழுத்துப் போடத் தைரியம் இருக்கிறவங்க வாங்க. அடுத்தது யாரு?"

அடுத்தது யாருமில்லை. அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தது ஆறு பேருக்கு ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. இன்னும் சிலருக்கு அடிக்காத போன் அடித்தது. டீச்சரம்மா தன் காகிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, நிமிராமல் நடந்தார். தலைவர் தன் காகிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்து வாசலில் வீசிவிட்டுப் போனார்.

டைப் அக்கா நாற்காலியில் விழுந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுதாலும் நெஞ்சில் ஒரு நிம்மதி. தங்கைக்காகப் பேசிவிட்டோம் என்ற நிம்மதி. பாவம், அதன் விலை யார் தலையில் விழப்போகிறது என்று அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தங்கை வாசல் கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"நேத்து மத்தியானம் என்னை நிறுத்திட்டாங்க. சாவியை வாங்கிக்கிட்டாங்க. பையைத் திறந்து காட்டிட்டுப் போன்னாங்க. பதினோரு வருஷத்துல முதல் தடவையா பையைத் திறந்து காட்டினேன்க்கா."

"நான் உனக்காகத்தான்டி பேசினேன்..."

"எனக்காகவா? உன் வயித்தெரிச்சல் அடங்கறதுக்காகப் பேசின. நீ எழுதும்போதும் என்னைக் கேக்கல. பேசும்போதும் என்னைக் கேக்கல. உனக்குப் பெருமை வந்தாலும் என் வீடு போகுது, உனக்குக் கோபம் வந்தாலும் என் வேலை போகுது. உனக்கு நல்லவளா இருக்கணும்னு ஆசை வந்தா நான்தான் பலி!"

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. டைப் அக்கா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மறுபேச்சுப் பேச வாய் வந்தது, விழுங்கினாள்.

"இப்பக் கேக்கறேன்" என்றாள். "நான் என்ன பண்ணணும்?"

தங்கை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கடையைத் திற. நான் சொல்றதை அடி. நடுவுல ஒரு வார்த்தையை மாத்தின, உன் மெஷினைத் தூக்கி ரோட்டுல போட்டுடுவேன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதும் மூடியிருக்கும் ஷட்டர் அன்று திறந்தது. தங்கை ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள். டைப் அக்கா அடித்தாள்.

"ஐயா, நான் ரயில்பாதை ஓரத்துல பொறந்து அங்கேயே இருக்கேன். நீங்க வீடு கட்டப்போற பள்ளத்துல மழைத்தண்ணி நிக்கும். எனக்கு நல்லாத் தெரியும், அந்தத் தெருவுல சேறு வழிச்சவ நான். அதனால முதல்ல வாய்க்கால் வெட்டுங்க, அப்புறம் வீடு கட்டுங்க. எங்களைக் கொண்டுபோய்த் தண்ணியில விடாதீங்க. ஆனா தண்ணியைச் சாக்கு சொல்லி வீட்டை நிறுத்தாதீங்க. குளியலறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வைங்க, மட்டமான தாழ்ப்பாள் வேணாம். சங்கத் தலைவர் வீட்டுல இருந்து நேத்து என்னை நிறுத்திட்டாங்க. பதினோரு வருஷத்துல அந்த வீட்டுல ஒரு ஸ்பூன் காணாமப் போனதில்ல."

"இந்தக் கடைசி ரெண்டு வரி வீட்டுத் திட்டத்துக்குச் சம்பந்தம் இல்லையேடி..."

"அதுதான் சம்பந்தம். அடி."

அடித்தாள். விரல் 'பணிவுடன்' என்று போகத் துடித்தது. அடக்கிக்கொண்டாள். தங்கை ஒவ்வொரு எழுத்தாக, பல்லைக் கடித்துக்கொண்டு, தன் பெயரை எழுதினாள்.

மதியத்துக்குள் சேதி ரயில்பாதை ஓரம் முழுக்கப் பரவியது. ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். ஒரு கிழவர் தன் வீட்டு வாசலில் உயரமான படி வேண்டாம், முட்டி மடங்காது என்றார். ஒருத்தி, "ரயில் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கம் வருமான்னு தெரியல, இருந்தாலும் கொடுங்க" என்றாள். டைப் அக்கா அப்படியே அடித்தாள். திங்கட்கிழமை மூன்று மணிக்குள் எழுபத்தாறு மனுக்கள். ஒன்றுபோல் ஒன்று இல்லை.

அதே ஜன்னல். அதே எழுத்தர். இந்த முறை டைப் அக்கா பின்னால் நின்றாள். முன்னால் தங்கை.

எழுத்தர் மேலே இருந்ததைப் புரட்டினார். "இது ஆட்சேபமா, ஆதரவா?"

"படிச்சுப் பாருங்க. படிச்சாத் தெரியும்."

"இருக்கிற வேலையில எல்லாத்தையும் படிக்க முடியுமாம்மா?"

"ஒரே வாசகமான்னு பார்க்கணுமே. படிக்காம எப்படி நம்பர் போடுவீங்க?"

எழுத்தர் படித்தார். ஸ்பூன் வரியில் ஒரு நிமிடம் நின்று, அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, முத்திரையை எடுத்தார். 'டப்'. அடுத்தது. 'டப்'. எழுபத்தாறு முறை. நான்கு தெருவிலிருந்து அதுவரை வந்திருந்தவை ஒன்பதுதான் என்று பதிவேட்டில் தெரிந்தது. மளிகைக்காரர் அலுவலக வாசலில் வழிமறித்து, எட்டாக மடித்த ஒரு காகிதத்தை டைப் அக்கா கையில் திணித்திருந்தார். "வரட்டும்னு எழுதியிருக்கேன்க்கா. தலைவர் காதுக்குப் போகாமப் பார்த்துக்கோ." அதற்கும் ஒரு முத்திரை விழுந்தது.

கடைசியில் டைப் அக்கா ஜன்னலுக்கு வந்தாள். "வியாழக்கிழமை கொடுத்த அந்த ஒண்ணை வாபஸ் வாங்கணும் சார்."

"அதுல இருநூத்திப் பதினாலு பேர் கையெழுத்து இருக்கும்மா. நீங்க மட்டும் எப்படி வாங்க முடியும்?"

"எழுதினது நான்."

"எழுதினவங்களுக்கு அதுல உரிமை இல்லம்மா. கோப்பில ஏறினது ஏறினதுதான்."

ஆக, அது அங்கேயே இருந்தது. இன்றும் இருக்கிறது. தங்கை அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை.

விசாரணை நடந்தது. பொறியாளர் மழையில் வந்து பள்ளத்தைப் பார்த்தார். முதலில் வாய்க்கால், பிறகு வீடு என்று உத்தரவானது. தலைவர் வேறு இடத்தில் மனு எழுதி மேலே அனுப்பினார். அது இன்னும் மேலேயே இருக்கிறது. நான்கு தெருவில் பாதிப்பேர் டைப் அக்கா கடைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். தங்கைக்கு ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை கிடைத்தது. அக்காவோடு பேச்சு மட்டும் இல்லை.

அடுத்த கோடையில் வாய்க்கால் வெட்டி முடிந்து, யாருக்கு எந்த வீடு என்று குலுக்கலும் நடந்து, பள்ளத்தை மேடாக்கிய மண்ணில் வீடுகளுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். கோடு போட்ட அன்று பகலில் எல்லாக் குடும்பமும் அங்கேதான் இருந்தது. டைப் அக்காவால் கடையில் உட்கார முடியவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு வந்தாள். தங்கையும் அவள் மகளும் ஒரு வெள்ளைக் கட்டத்துக்குள் நிற்பது தூரத்திலேயே தெரிந்தது. ஓட்டமும் நடையுமாக வந்து, கோட்டைத் தாண்டக் காலைத் தூக்கினாள்.

"அங்கேயே நில்லு" என்றாள் தங்கை.

தூக்கிய கால் அந்தரத்தில் நின்று, வந்த பக்கமே இறங்கியது.

"இது என் வீட்டு வாசல். நான் இன்னும் உன்னைக் கூப்பிடல."

மகள் அம்மாவையும் பெரியம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். தங்கை அவள் தோளைப் பிடித்துத் திருப்பி, நிதானமாக நடத்திக் காட்டினாள். இது அடுப்படி. இது படுக்கிற இடம். இங்கே ஜன்னல் வரும், அந்தப் பக்கம் யாரும் போகமாட்டார்கள். இது குளியலறை. கதவு இப்படித் திறக்கும். தாழ்ப்பாள் இந்த உயரத்தில் இருக்கும், எங்கே கையை வை பார்க்கலாம். அந்தப் பெண் வெறும் காற்றில் கையை வைத்து, இல்லாத தாழ்ப்பாளை இழுத்துப் போட்டாள். ஒருமுறை. இன்னொருமுறை.

வெயில் உச்சந்தலையில் இறங்கியது. டைப் அக்கா முந்தானையைக்கூடத் தலைக்கு இழுத்துக்கொள்ளவில்லை. கோட்டுக்கு வெளியே, கூப்பிடும்வரை, நின்றுகொண்டிருந்தாள்.